அழகரத்தினத்தின் வேலைக்காரன்

அழகரத்தினமாகிய என்னைப் பற்றி மட்டக்களப்பில் நல்லதாகச் சொல்வதற்கு இரண்டே விஷயங்கள் உண்டு. ஒன்று, என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும். மற்றது, செபஸ்தியாம்பிள்ளையின் மகள் மார்கிறட் என்னைக் கலியாணம் முடித்தாள். கையெழுத்தால் எனக்கு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர் வேலை கிடைத்தது. இருபத்தைந்து வருஷமாக அந்தக் கதிரையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கலியாணம் நடந்த விதந்தான் வெளியே சொல்லத் தக்கதல்ல. இருந்தாலும் சொல்லப் போகிறேன். ஒரு மடத்தனத்தை இருபது வருஷம் பூட்டி வைத்திருந்தது போதும்.

ரயில் மட்டக்களப்புக்கு வந்த மறுவருஷம் அது, 1929. எனக்கு இருபத்தாறு வயது. களிசான், கோட்டு, சப்பாத்து, தொப்பி இந்த நான்கும் இல்லாமல் நான் தெருவில் இறங்கியதில்லை. கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் கோட்டுக்குள் அவிந்துபோவேன், கழற்ற மாட்டேன். உன்னிச்சைப் பக்கத்திலிருந்து வயற்காணி விஷயமாக வரும் கமக்காரர்கள் என் மேசைக்கு முன்னால் கைகட்டி நிற்பார்கள். நான் தலையை நிமிர்த்தாமல் "நாளைக்கு வா" என்பேன். அவர்கள் நாளைக்கு வந்தாலும் அதையேதான் சொல்வேன். அதுதான் உத்தியோகத்துக்கு இலட்சணம் என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்களோ தெரியாது.

செபஸ்தியாம்பிள்ளை புளியந்தீவில் மரக்காலை வைத்திருந்தவர். பலகை பார்க்கிறது போலத்தான் மனிதரையும் பார்ப்பார். எங்கே வெடிப்பு, எங்கே கறையான் என்று கண் தேடிக்கொண்டே இருக்கும். கலியாணப் பேச்சு முற்றானபோது என்னிடம் கேட்டார்.

"கூறைச் சேலை எங்க தம்பி எடுக்கப் போறீங்க? நம்முட கடைத்தெருவிலயா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு உடனே கோட்டுப் பொத்தான் இறுகியது.

"திருச்சினாப்பள்ளியில எடுப்பன்," என்றேன். அதுவரை திருச்சினாப்பள்ளி எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூட நான் யோசித்ததில்லை.

"எடுங்க. நவம்பர் இருபத்தேழு, புதன்கிழமை. அடுத்த ஞாயிறு தொடக்கம் நத்தார்ப் பண்டிகை முடியுமட்டும் கோயில்ல பாதர் கலியாணம் வைக்க மாட்டார். அந்தப் புதன் தப்பினா இந்தக் கலியாணமும் தப்பினதுதான். தபாற்கந்தோர் மாப்பிள்ளை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இரிக்கார்."

மார்கிறட் கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் படியிறங்கும்போது மெல்லிய குரலில் ஒன்று சொன்னாள்.

"கூறை இல்லாட்டியும் பறவாயில்ல. நீங்க வந்து சேந்தாக் காணும்."

கேட்டு நடந்திருந்தால் இந்தக் கதை இல்லை.

துணைக்கு ஆள் கிடைத்தார். காத்தான்குடிப் பக்கீர், துணி வியாபாரி. வருஷத்துக்கு இரண்டு தடவை இந்தியாவுக்குப் போய் வருகிறவர். கட்டம் போட்ட சாறன், அகன்ற இடுப்புப்பட்டி, தொப்பி, கையில் ஒரு குடை. மட்டக்களப்பில் எப்படியோ அப்படியே கப்பலிலும், அப்படியே தனுஷ்கோடியிலும் இருந்தார். பேச்சும் அதே பேச்சுத்தான், அதே சத்தந்தான். எனக்கு அவரோடு நடக்கக் கூச்சமாக இருந்தது. ஏனென்றால் எனக்கு ஒரு திட்டம் இருந்தது.

எங்கள் சொந்தக்காரர் ஒருவர் முந்திய வருஷம் திருச்சியில் சேலை எடுக்கப் போய் நன்றாக ஏமாந்து வந்திருந்தார். சப்பாத்தைக் கண்டவுடனே இலங்கைக்காரன் என்று பிடித்துவிடுகிறார்களாம். பிடித்தால் விலை இரட்டிப்பாம். ஆகவே நான் ஊராரோடு ஊரானாக, ஒருவருக்கும் தெரியாமல் கலந்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

அந்த ஊர் ஆண்கள் என்ன உடுக்கிறார்கள் என்பதை ரயில் யன்னலால் ஆராய்ந்தேன். வழிநெடுகக் கண்டேன். முழங்காலுக்கு மேல் ஒரு துண்டு வேட்டி, தலையில் ஒரு முண்டாசு, மேலுக்கு ஒன்றுமில்லை. நூறு பேரையாவது பார்த்திருப்பேன், எல்லாரும் அப்படித்தான். வயலில் நிற்கிறவனும், மாடு மேய்க்கிறவனும், தண்டவாளத்தில் கல் கொத்துகிறவனுந்தான் ரயில் யன்னலுக்குத் தெரிவான், மற்றவன் வீட்டு நிழலில் இருப்பான் என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு மூளை ஓடவில்லை.

திருச்சியில் இறங்கியதும் நாலு முழ வேட்டியும் ஒரு துண்டும் வாங்கினேன். களிசான், கோட்டு, சப்பாத்து எல்லாவற்றையும் றங்குப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். சவரம் செய்வதையும் நிறுத்தினேன். பக்கீர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நான் இரிவது வரிசமா வாறன். இந்தச் சாறனும் தொப்பியுந்தான். நான் ஆரெண்டு எல்லாருக்கும் தெரியும், ஒருத்தனும் என்னய ஏமாத்தல்ல. ஊரான்ட உடுப்ப உடுத்தா ஊரானுக்கு நடக்கிறதெல்லாம் நமக்கும் நடக்கும். யோசிச்சுக்கங்க."

நான் யோசிக்கவில்லை. பழைய காலத்து மனிதர் என்று எண்ணிக்கொண்டேன். அவர் தன் கொள்வனவை முடித்துக்கொண்டு எனக்கு முன்னாலே புறப்பட்டார். வெறும் மேலோடு றங்குப்பெட்டி சுமந்தால் வேஷம் கலைந்துவிடுமென்று, என் பெட்டியையும் அவரிடமே கொடுத்து வீட்டில் சேர்க்கச் சொன்னேன்.

பட்டுக்கடை வாசலில் முதல் சோதனை. நான் படியேறியதும் ஒருவன் கையைக் குறுக்கே நீட்டினான்.

"யாருப்பா? என்ன வேணும்?"

"கூறைப் பட்டு பாக்கணுங்க." திருச்சிப் பேச்சு எனக்கு நன்றாக வருகிறதென்று நினைத்தேன்.

"யாருக்கு?"

எனக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் என் வெறும் மேலைப் பார்த்தான். மடியில் முடிந்திருந்த காசைப் பார்த்தான். அந்தப் பார்வையில் பொலிஸ்காரன் தெரிந்தான்.

"எங்க எசமான் வீட்டுக்குங்க," என்றேன். "மட்டக்களப்புத் துரை, அழகரத்தினம் ஐயா. நான் அவரு வேலைக்காரன்."

அதற்குப் பிறகு எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. என்னை ஓர் ஓரத்தில் நிற்கவைத்தே பட்டை விரித்துக் காட்டினார்கள். அரக்குச் சிவப்பு, அகலச் சரிகை. மார்கிறட்டின் நிறத்துக்கு அதைவிட நல்லது இல்லை. துரை எப்படிப்பட்டவர் என்று முதலாளி கேட்டார். மிகவும் கெட்டிக்காரர், நல்ல மனுஷர், ஆள் பார்க்க இலட்சணமாக இருப்பார் என்று என்னைப் பற்றி நானே கால் மணி நேரம் சொன்னேன். முதலாளி ஒரு கடிதத் துண்டெழுதினார். 'மட்டக்களப்பு ஸ்ரீமான் அழகரத்தினம் அவர்களுக்கு. தங்கள் வேலைக்காரன் வசம் பட்டுக் கூறை ஒன்று அனுப்பியுள்ளோம்.' எழுதிவிட்டுப் பேனாவை நீட்டாமல் மைத்தட்டை நீட்டினார்.

நான் கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் நடிப்பென்று இறங்கினால் முழுதாக நடிக்க வேண்டாமா? பெருவிரலை மையில் தோய்த்து, கொஞ்சம் கோணலாகவே அமத்தினேன். படியிறங்கும்போது எனக்கு என்மேல் அவ்வளவு பெருமை.

திரும்பும்போது ரயில் நிலையத்தில் ரிக்கற் கொடுப்பவன் என்னைக் கண்டவுடனே, கேளாமலே மூன்றாம் வகுப்பு யன்னலைக் காட்டினான். அதுவும் பெருமையாகவே இருந்தது. ஏறிய பெட்டியில் ஒரு கங்காணியும் அவர் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகும் சனங்களும் இருந்தார்கள். பக்கத்தில் இருந்தவன் பெயர் சின்னையன். மனைவியும் கைக்குழந்தையுமாக வந்திருந்தான். எந்த ஊர் என்று கேட்டான். வரும்போது ரயில் நிலையத்தில் யாரோ சொல்லிக் கேட்ட ஒரு பெயரை எடுத்துவிட்டேன்.

"முசிறிப் பக்கம்."

சின்னையனின் முகம் மலர்ந்துபோயிற்று. "அண்ணே, நமக்கும் முசிறிதான்! ஏ புள்ள, இவரு நம்ம ஊர்க்காரராம்." மனைவி தன் பொதியை அவிழ்த்து எனக்குப் பாதிச் சோறு தந்தாள். ஆற்றோரம் என் வீடு என்றும், மாடு இரண்டு நிற்கிறதென்றும் நான் அளந்தேன். சோறு நன்றாக இருந்தது.

கப்பலேறுமுன் ஒரு முகாமில் எல்லாரையும் இறக்கினார்கள். தோட்டத்துக்குப் போகும் சனங்களை ஆறு நாள் தடுத்து வைத்து, உடுப்பை ஆவியில் போட்டு, அம்மைப்பால் குத்தி, நோயில்லை என்று கண்ட பிறகுதான் கடல் கடக்க விடுவார்கள். கங்காணியிடம் நாற்பது பேர் என்று எழுதியிருந்தது. ஒருவன் மதுரையில் இறங்கி ஓடிவிட்டான். என்னையும் சேர்த்து எண்ணினால் நாற்பது சரி. கங்காணி என் தோளில் தட்டி வரிசையில் நிறுத்தினார்.

"நான் கூலி இல்ல," என்றேன்.

"அண்ணன் முசிறிங்க, எங்க கூடத்தான் வாறாரு," என்று சின்னையன் எனக்காக மன்றாடினான். பாவம், நான் பயந்துபோய்விட்டேன் என்று நினைத்துவிட்டான்.

மேசையில் ஒரு கிளாக்கர் இருந்தான். தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் நான் கைகட்டி நின்றேன். யாரும் கட்டச் சொல்லவில்லை; வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என் பொதியை அவிழ்த்தார்கள். அரக்குச் சிவப்புப் பட்டு வெளியே வந்தது. கூடவே கடைக்காரரின் துண்டும் வந்தது.

"இது யாருடையது?"

"என்னுடையது. நான்தான் அழகரத்தினம்."

அவன் அப்போதுதான் தலையை நிமிர்த்தினான். துண்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரித்தான். நான் இங்கிலீசில் எடுத்து விட்டேன். கந்தோரில் துரைமாருக்கு எழுதும் நடையில், நான் இன்ன உத்தியோகத்தன், இது பெருந்தவறு என்று.

"துரை வீட்டில பட்லர் வேலையா?" என்றான். "அங்க இருக்கிறவன் எல்லாம் இப்படித்தான் பேசுவான்."

கையெழுத்துப் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். அவன் துண்டிலிருந்த பெருவிரல் அடையாளத்தைத் தொட்டுக் காட்டினான். "எழுதத் தெரிஞ்சவன் எதுக்குக் கைநாட்டு வைச்சே?" என் விரலை மையில் தோய்த்துப் பக்கத்தில் அமத்திப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றேதான். வேலைக்காரன் நான்தான் என்பது அத்தாட்சியோடு நிரூபணமாயிற்று. எசமானின் பட்டைக் களவெடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடுகிறானோ என்ற சந்தேகம் ஒன்றுதான் பாக்கி.

அது செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை விடுவார்கள். அன்றிரவுக் கப்பலைப் பிடித்தால் புதன் காலை ரயிலில் மட்டக்களப்பில் இறங்கலாம். ஆனால் என் பெயர் கங்காணியின் பட்டியலில் இருந்தது. பட்டியல்படி போனால் நான் இறங்குமிடம் பதுளைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். கூறை முகாமின் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. ஆளும் இல்லை, கூறையும் இல்லை என்றால் தபாற்கந்தோர் மாப்பிள்ளைக்கு அதிஷ்டம் அடிக்கும். மார்கிறட் இல்லாமல் என்ன செய்வேன் என்று முதன்முதலாக அந்த முகாமில், ஒரு பாயில் குந்தியிருந்துதான் நினைத்தேன்.

இரண்டு நாள் மேசைக்குப் போய் நின்றேன். இரண்டு நாளும் அந்தக் கிளாக்கர், "நாளைக்கு வா" என்றான். உன்னிச்சைக் கமக்காரர்கள் ஒவ்வொருவராக என் கண்முன்னே வந்து போனார்கள்.

மூன்றாம் நாள் எனக்குப் புத்தி வந்தது. முகாம் டாக்குத்தர் நல்ல மனிதர். அவர் வரும்போது காலடியில் போய் நின்று, "ஐயா, நான் வேலைக்காரன்தான்," என்றேன். "எங்க எசமானுக்கு ஒரு தந்தி அடிச்சுக் கேளுங்க. கூறை இல்லாம அவருக்குக் கலியாணம் நடக்காது." நான் அழகரத்தினம் என்று சொன்னபோது ஒரு நாய்கூட நம்பவில்லை. அழகரத்தினத்தின் வேலைக்காரன் என்றதும் உடனே நம்பினார்.

என் வீட்டில் இங்கிலீஸ் வாசிக்கத் தெரியாத அம்மா மட்டும் இருந்தார். ஆகவே செபஸ்தியாம்பிள்ளை வளவு என்று விலாசம் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் அது செபஸ்தியாம்பிள்ளையின் கையில் போய் விழுமே என்று உறைத்தது. அந்த இரவு நான் கண் மூடவில்லை.

'உமது வேலைக்காரன் பட்டுக் கூறையுடன் இங்கே நிற்கிறான். உமது ஆள்தானா?' என்று தந்தி போயிற்று. வெள்ளி போயிற்று, சனி போயிற்று. ஞாயிறு பின்னேரம் மறுமொழி வந்தது. டாக்குத்தர் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

'என் ஆள்தான். களவு தெரியாது. புத்தி கொஞ்சம் குறைவு. புதனுக்குள் கட்டாயம் வேண்டும். அழகரத்தினம்.'

கிளாக்கர் மேசையில் தட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு திரும்பி நின்று அழுதேன். அந்தத் தந்தியை அடித்தது யார் என்று எனக்கு மட்டுந்தான் தெரியும். நான் வேலைக்காரனாகப் போனதால் மார்கிறட் அழகரத்தினமாகியிருந்தாள். கட்டாயம் வேண்டும் என்ற சொல்லை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை பட்டியலில் என் பெயரை வெட்டினார்கள். கூறையைக் கையில் வாங்கிக்கொண்டு முகாம் வாசல் படலையடிக்கு வந்தபோது சின்னையன் ஓடிவந்தான்.

"அண்ணே, நீங்க வரலையா? முசிறின்னு சொன்னீங்களே."

அதற்கு மேல் எனக்குப் பொய் வரவில்லை. "நான் மட்டக்களப்பு, தம்பி," என்றேன்.

அவன் கோபிக்கவில்லை. குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, "அப்ப நம்ம ஊரு ஆளு யாருமே இல்லையா," என்றான். என்னிடம் கேட்கவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்தச் சோற்றை நான் தின்றிருக்கக் கூடாது. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

புதன் காலை மட்டக்களப்பில் இறங்கினேன். அதே வேட்டி, ஒன்பது நாள் தாடி, கமக்கட்டில் இடுக்கிய பொதி. வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்றிவர நேரமில்லை. கூறை முதலில் பெண்வீட்டில் சேர வேண்டும். செபஸ்தியாம்பிள்ளை வளவில் பந்தல் நிறையச் சனம். அவர் கோட்டும் மாலையுமாக விறாந்தைப் படியில் நின்றார். பின்னால் அவர் பக்கத்துச் சொந்தம் முழுவதும் நின்றது. படலையைத் தாண்டி இரண்டடி வைத்தேன்.

"ஆர்ரா அது?" என்றார்.

வாய் தானாகவே பழக்கமானதைச் சொல்லிற்று.

"அழகரத்தினம் ஐயாட வேலைக்காரன். கூறை கொண்டுவந்தன்."

அவர் என்னை ஒரு பலகையைப் பார்ப்பதுபோல நுனி முதல் அடி வரை பார்த்தார்.

"கோடிப்பக்கத்தால போ. பொம்புளையள்ற கையில குடு."

நான் தலையைக் குனிந்துகொண்டு வீட்டைச் சுற்றிப் பின்புறக் கோடிப்பக்கம் போனேன். குசினி வாசலில் மார்கிறட் ஈரத் தலையோடு நின்றாள். பொதியை வாங்கினாள். அவிழ்த்துப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கூறை வந்திட்டு," என்றாள். "உங்கட ஐயா எங்க?"

"சவரம் செய்யப் போயிட்டார். பத்து மணிக்குக் கோயிலடியில நிப்பார்."

"றங்குப்பெட்டி மட்டும் வந்து இறங்கின அண்டைக்கு உங்கட அம்மா ஒப்பாரி வைச்சவ. பக்கீர் காக்காதான் வந்து விளப்பம் சொன்னவர். அதுக்குள்ள தந்தியும் வந்திட்டு. நல்ல காலம், அப்பா மரக்காலையில. வீட்டில அந்தத் தந்தியும் நானுந்தான்." அவள் சிரிக்கத்தான் தொடங்கினாள், கண் நிறைந்துவிட்டது. "அவருக்குச் சொல்லுங்க. கோட்டில்லாட்டியும் பறவாயில்ல, ஆள் வந்தாக் காணுமெண்டு. நான் முதலேயே சொன்னனான்."

என் பெருவிரலில் முகாமின் மை இன்னும் ஊதாவாக இருந்தது. அவள் தன் கைலேஞ்சித் துணியால் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. அந்த விரலோடுதான் பத்தரை மணிக்குக் கோயில் புத்தகத்தில் என் அழகான கையெழுத்தைப் போட்டேன்.

கந்தோருக்குத் திரும்பியதும் என் மேசைக்கு முன்னால் கமக்காரர் இருக்க ஒரு வாங்கு போடுவித்தேன். "நாளைக்கு வா" என்று இப்போதும் சில வேளை சொல்வதுண்டு. ஆனால் இருத்தி வைத்துத்தான் சொல்வேன். என் சீர்திருத்தம் அவ்வளவுதான்.

எங்கள் பக்க வழக்கப்படி மாப்பிள்ளை பெண்வீட்டில் போய்த்தான் இருப்பான். நானும் செபஸ்தியாம்பிள்ளையின் கூரைக்கு அடியில் பதினைந்து வருஷம் இருந்தேன். எந்த விஷயமானாலும் முடிவு மார்கிறட்டுடையதுதான். தந்தியில் அழகரத்தினம் என்று ஒப்பமிட்டவள் அவள்தானே. சண்டை வரும்போது மட்டும் நான் ஒரு காரியத்தைச் சொல்லி நிமிர்வேன். "உன்ட அப்பாவையே நான் ஏமாத்தினன். பலகையின்ட உள்வெடிப்பைக் கண்டுபிடிக்கிற மனுசன், அண்டைக்கு முற்றத்தில நிண்ட மருமகனைக் கண்டுபிடிக்கல்ல." அவளும் மறுத்ததில்லை. என் வேஷம் ஓரிடத்திலாவது பலித்ததென்று எனக்கு அப்படியொரு ஆறுதல்.

நாற்பத்துநான்காம் வருஷம் மாமா படுக்கையில் விழுந்தார். ஒரு நாள் கஞ்சி பருக்கிக்கொண்டிருக்கும்போது என் கையைப் பிடித்தார்.

"மருமகன், ஒண்டு சொல்லோணும். அண்டைக்கு உங்களக் கோடிப்பக்கத்தால அனுப்பினதுக்கு மனசில ஒண்டும் வைச்சிராதீங்க. முன்னால விட்டிருந்தா நம்முட சனம் முழுக்கக் கண்டிரிக்கும்."

கரண்டி என் கையில் நின்றுவிட்டது.

"அப்ப உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"படலைக்குள்ள வரக்குள்ளயே தெரியும்," என்றார். "கஞ்சியத் தாங்க, ஆறுது."